தங்கபுஷ்பம் நீட்டிய தட்டு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடையாறு ஆஸ்பத்திரிக்கு ஒருவருக்குத் துணையாகப் போயிருந்தபோது, வெளிப் பெஞ்சில் இரண்டு பெண்கள் விழுந்து விழுந்து சிரித்ததைக் கேட்டேன். இருவருக்கும் மார்பில் புற்றுநோய் என்று பக்கத்திலிருந்தவர் சொன்னார். எதற்குச் சிரித்தார்கள் என்று கேட்க எனக்கு நா எழவில்லை. அந்தச் சிரிப்பை மட்டும் பஸ்ஸில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

இப்படி ஆரம்பித்தேன்: தங்கபுஷ்பம் ஒரு தைரியசாலி. துன்பங்களைக் கண்டு அவள் ஒருபோதும் —

அடித்துவிட்டேன். தைரியசாலி என்று ஒருத்தியைச் சொல்லிவிட்டால், பிறகு யாரும் அவளிடம் எப்படியிருக்கிறாய் என்று கேட்பதில்லை. நாமெல்லாம் செய்கிற காரியம்தானே அது?

இன்னொரு ஆரம்பம்: 1974, தியாகராய நகர். பனகல் பார்க் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருந்த ராஜரத்தினத்தின் மனைவி தங்கபுஷ்பம், சமையலறைச் சுவரின் முன் நின்று வலது கை விரல்களைப் பல்லிபோல் மேலே ஏற்றிக்கொண்டிருந்தாள். வலது மார்பை அக்குள் சதையோடு எடுத்திருந்தார்கள். கை தோளுக்கு மேல் போகவில்லை. சாயங்காலமானால் வீங்கி, வளையல் இறுகியது.

இது இருக்கட்டும்.

3

அந்தக் கை அவளுக்கு எதற்கு வேண்டும் என்று சொல்லாவிட்டால் கதையே இல்லை. மகள் சொர்ணத்துக்கு நிச்சயதார்த்தம். ஆண்கள் தாம்பூலத் தட்டு மாற்றிக்கொண்டபின், பெண்ணின் தாயும் மாப்பிள்ளையின் தாயும் மாற்றிக்கொள்வது அவர்கள் வழக்கம். பித்தளைத் தாம்பாளம், தேங்காய்கள், வாழைச்சீப்பு, பட்டு. இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே தூக்கி நீட்ட வேண்டும்.

மாப்பிள்ளை வீட்டுக்கு விஷயம் தெரியாது. தாய்க்கு வந்தது மகளுக்கும் வரும் என்று வரனே கைநழுவிப் போகும் என்பது ராஜரத்தினத்தின் பயம். கர்ப்பப்பையில் கட்டி, ஆபரேஷன் ஆயிற்று என்று சொல்லிவைத்திருந்தார்.

"தட்ட மட்டும் தூக்கிக் குடுத்திரு. அப்புறம் நீ உக்காந்துக்கிடலாம்."

"முடியலன்னா?"

"முடியும்னு சொல்லேன் ஏட்டி. பிள்ள வாழ்க்கைல்லா."

(அவரைக் கெட்டவராக்கிவிட எனக்கு ஆசை வந்தது. கதை சுலபமாகிவிடும். ஆனால் அவள் ரவிக்கைக்குள் வைத்துக்கொள்ளத் தன் பழைய வேட்டியைக் கிழித்துச் சுருட்டித் தந்தவரும் அவர்தான். இரண்டு பக்கமும் சமமாகத் தெரிகிறதா என்று தள்ளி நின்று பார்த்தவர், சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.)

4

பெஞ்சில் தங்கபுஷ்பத்தோடு இருந்த இன்னொருத்திக்கு ஆரோக்கியமேரி என்று பெயர் வைக்கிறேன். பெசன்ட் நகர்ப் பக்கத்துக் குப்பத்தில் மீன் விற்கிறவள்.

"இன்னாக்கா, கை எதுவரிக்கும் போச்சு?"

"தோளு வரைக்கும்."

"நான் கூடையே தலைல தூக்கிக்கினு கீறேன். நீ ஒரு தட்டுக்கு அழுவுற."

"கூடை விழுந்தா மீனு போகும். தட்டு விழுந்தா மாப்பிள்ளைல்லா போயிருவாரு."

"அப்ப ஒண்ணு செய்யலாம். எனக்கு பீச்சாங்கைப் பக்கம் இல்ல, ஒனக்கு சோத்தாங்கைப் பக்கம் இல்ல. ரெண்டு பேரும் ஒட்டிக்கினு நின்னா ஒரு முழு பொம்பள. நானும் வரேன், சேந்து தூக்கலாம்."

நான் கேட்ட சிரிப்பு இதற்குத்தான் என்று வைத்துக்கொண்டேன்.

சிரித்து ஓய்ந்ததும் மேரி கேட்டாள்: "ஏங்க்கா, தூக்க வராதுன்னு சொல்லிட்டாத்தான் இன்னா?"*

தங்கபுஷ்பம் இறுகிய வளையலைத் திருகிக்கொண்டிருந்தாள்.

* இந்த இடத்தில் மனத்திடம் என்றால் என்ன என்று நீளமாக எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தேன். மேரியின் கேள்வி அதைவிட நன்றாயிருந்தது. எடுத்துவிட்டேன்.

5

ஒரு முடிவு: தட்டு விழுகிறது, தேங்காய் உருண்டு — வேண்டாம். அத்தனை பேர் முன்னால் அவளை நிறுத்தி வேடிக்கை பார்க்க எனக்கு மனமில்லை.

இன்னொரு முடிவு: பல்லைக் கடித்துத் தூக்கிக் கொடுத்துவிடுகிறாள். கல்யாணம் நடக்கிறது. இதை முழுதாக எழுதியும் விட்டேன். பிறகுதான் உறைத்தது. பொங்கல் சீர், வளைகாப்பு, பேரப்பிள்ளைக்குப் பேர் வைப்பது என்று இன்னும் எத்தனை தட்டு இருக்கிறது! ஒவ்வொன்றோடும் அந்தப் பொய்யையும் சேர்த்தல்லவா அவள் தூக்க வேண்டும்?

6

நிச்சயதார்த்தத்தன்று காலை அம்மாவுக்குத் தலை வாரிவிட்டது சொர்ணம். பின்னலுக்கு அம்மாவின் கை எட்டாது.

"சொல்லிருவோமா?" என்றாள் தங்கபுஷ்பம். "வந்தவுக எந்திரிச்சுப் போனாலும் போயிருவாகட்டி."

சீப்பு நின்றது. "நாளைக்கு எனக்கே வந்தா, நானும் மறைச்சுத்தான் வைக்கணுமாம்மா?"

கூடத்தில் ஜமக்காளம். எதிரே மாப்பிள்ளையின் தாய். தங்கபுஷ்பம் தாம்பாளத்தை எடுத்தாள். இடுப்புவரை வந்தது. நேற்றுச் சுவரில் விரல்கள் தோளைத் தாண்டியிருந்தன; வலியைப் பொறுத்தால் இன்னும் மேலே தூக்கிவிடலாம் என்று அவளுக்குத் தெரியும். தூக்கவில்லை.

"மதினி, கொஞ்சம் குனிஞ்சு வாங்கிக்கிடுங்க. எனக்கு இதுக்கு மேல கை வராது."

"ஏன், கையில என்ன?"

ராஜரத்தினம் இருமினார்.

"கையில ஒண்ணுமில்ல. மார்ல புத்துநோய் வந்து, ஒரு பக்கத்த எடுத்திருக்கு. கர்ப்பப்பைக் கட்டின்னு சொன்னது பொய் மதினி."

மாப்பிள்ளையின் தாயுடைய கைகள் மடியிலேயே இருந்தன.

நான் நினைத்தால் இப்போதே அந்தக் கைகளை நீட்டவைத்துவிடலாம். ஒரு வரி போதும். நீங்களும் நிம்மதியாகப் புத்தகத்தை மூடிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போவீர்கள். அதனால் எழுதமாட்டேன்.

உங்கள் வீட்டிலும் கல்யாண வயதில் ஒரு பையன் இருக்கிறான், இல்லையா கண்ணுகளா? மாப்பிள்ளையின் தாயைக் கொஞ்சம் நகர்ந்துகொள்ளச் சொல்லிவிட்டு, அந்த ஜமக்காளத்தில் உங்களை உட்காரவைக்கிறேன். தட்டு கனம். அவளால் வெகுநேரம் பிடித்துக்கொண்டிருக்க முடியாது.