பெல் அடித்துக் கேட்கவும்

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலைக்குப் பின்னால் இருக்கிற அந்த மூன்று மாடிக் குடியிருப்பில், யார் வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்பதுவரை எல்லோருக்கும் தெரியும். இரண்டாம் மாடி வேதவதி டீச்சர் வீட்டில் என்ன நடக்கிறதென்று மட்டும் தெரியாது. காரணம், ஒன்றும் நடப்பதில்லை. முப்பத்தொரு வருஷம் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்பதற்கு மாடிக்கு ஒரு கதை உண்டு. டீச்சரையே கேட்டால் நாலாவதாக ஒன்று கிடைக்கலாம், யாரும் கேட்டதில்லை.

அவர் வாசலில் ஒரு மணிபிளான்ட் இருந்தது. இலையெல்லாம் பால் தெளித்த மாதிரி வெள்ளை. குடியிருப்புக்கே அதன்மேல் கண். ஆனால் மணிபிளான்ட்டைக் கேட்டு வாங்கினால் துளிர்க்காது, திருடி வைத்தால்தான் வீட்டில் காசு தங்கும் என்பார்களே! அதனால் மத்தியானம் இரண்டு மணிக்கு, எல்லோரும் கண்ணயரும் நேரமாகப் பார்த்து, மெட்டிச் சத்தம்கூடக் கேட்காமல் ஒவ்வொருத்தியாக வந்து கிள்ளிக்கொண்டு போனார்கள்.

டீச்சர் கதவிலிருக்கும் கண்ணாடித் துளை வழியே பார்த்துக்கொண்டிருப்பார். திருடுவது அவருக்குப் பெரிதில்லை. கணு இல்லாமல் வெறும் இலையைக் கிள்ளிப் போகிறார்களே, வேர் எங்கிருந்து வரும் என்பதுதான் ஆத்திரம். சொல்லிவிடலாமென்று ஒருநாள் தாழ்ப்பாளில் கை வைத்தார். அந்தச் சத்தத்துக்கே கீழ்வீட்டுக் கமலினி ஒற்றைச் செருப்பை விட்டுவிட்டு ஓடினாள். செருப்பு நாலு நாள் அங்கேயே கிடந்தது. கேட்டு வாங்கினால் திருட்டை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே!

பிறகு டீச்சர், நல்ல கணுவாகப் பார்த்து அதன் கீழே சிவப்பு நூல் கட்டினார். பக்கத்து ஆணியில் ஒரு கத்தரிக்கோலும் மாட்டினார். திருடிகள் சமர்த்தாக நூலுக்குக் கீழே வெட்டினார்கள். மூன்று மாடியிலும் கொடி செழித்தது. கொஞ்ச நாளில் கத்தரிக்கோலும் போயிற்று. டீச்சர் வீட்டு பெல்லை மட்டும் யாரும் தொடவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் தொட்டியை உள்ளே தூக்கி வைத்துவிட்டு, கதவில் காகிதம் ஒட்டினார்: 'செடி வேண்டுவோர் பெல் அடித்துக் கேட்கவும்.' ஒட்டிய கையோடு இரண்டு பேருக்கு டிகாக்ஷன் இறக்கினார்.

கேட்டு வாங்கிக் குடும்பத்தைக் கெடுத்துக்கொள்ள யாருக்குப் பைத்தியம்? "செடியப் பூட்டி வச்சுட்டாங்கடி, எவ்ளோ கர்வம் பாரு" என்று மோட்டார் ரூம் பக்கம் பேச்சு. டீச்சர் செடியோடு பேசினார். பேச்சு முடிந்து எழும்போதெல்லாம் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினார். செய்யக்கூடாதென்று வகுப்பில் வருஷா வருஷம் சொன்ன அதே தப்பு. ஆடி முடிவதற்குள் வேர் அழுகிப்போயிற்று.

ஒரு வாரம் வெறும் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டாம் நாள் மத்தியானம் மூன்றாம் மாடிக்கு ஏறி, பானுமதி வீட்டு பெல்லை அடித்தார். பானுமதி முசிறிக்காரி, புருஷன் வாழைத்தார் வியாபாரம். வாசல் முழுக்கக் கொடி, அடித்தண்டில் வெளுத்துப்போன சிவப்பு நூல்.

கதவைத் திறந்த பானுமதி நூலைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். "டீச்சர்... அது வந்துங்க..."

"என் செடி போயிடுத்தும்மா. இதுலேர்ந்து ஒரு கிளை குடுக்கறயா?"

"ஐயையோ, வாயைத் திறந்து கேட்டுட்டீங்களே! கேட்டா வராதுங்க." அவள் இரண்டு பக்கமும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "நான் உள்ள போய்க் கதவச் சாத்திக்கிறேன். நீங்க பாட்டுக்கு எடுத்துக்கங்க. நான் பாக்கவே இல்ல."

உள்ளே ஓடி ஒரு கத்தரிக்கோலைக் கொண்டுவந்து கையில் திணித்தாள். டீச்சருடையதுதான். நல்ல மனசோடு கதவைச் சாத்திக்கொண்டாள்.

டீச்சர் நின்றார். கண்ணுக்கு நேரே கணு. ஒரு வெட்டு வெட்டினால் முடிந்தது, கீழே இறங்கிப் போக வேண்டியதுதான்.

"எடுத்துட்டீங்களா டீச்சர்?" உள்ளேயிருந்து குரல்.

"எங்கே வெட்டணும்னே தெரியலையேம்மா" என்றார், முப்பத்தொரு வருஷம் கணுவைப் பற்றிப் பாடம் எடுத்தவர்.

"இலைக்குக் கீழ முண்டு மாதிரி இருக்கும் பாருங்க!"

"எந்த இலை?"

"நான் வந்து காட்டினா திருட்டு ஆகாதுங்களே!"

"வேண்டாம், வேண்டாம். கதவைத் திறக்காதே." டீச்சர் கத்தரிக்கோலை மடியில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்தார். "அங்கேர்ந்தே சொல்லு. மெதுவாச் சொல்லு, அவசரமே இல்லை."