ஒரு குருத்தோலை இடைவெளி

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் வந்தால் காக்ஸ் டவுன் கோயிலின் பாடகர் குழு ஆர்மோனியத்தைத் தவிர மற்ற எல்லா வாத்தியங்களையும் ஈஸ்டர் வரை பூட்டி வைத்துவிடும். அந்த வருடமும் யூஜின் தன் பேஸ் கிடாரின் நான்கு தந்திகளையும் தொளதொளவென்று தளர்த்திப் பெட்டிக்குள் படுக்க வைத்தான். அதுவும் நாற்பது நாள் தவம் இருக்கட்டும் என்று நினைத்தான்.

பெரிய சனிக்கிழமை காலை, கோயிலை ஒட்டிய ஹாலில், ஒத்திகைக்காகத் தந்திகளை முறுக்கிச் சுருதி சேர்த்து மீட்டினான். டொம் என்று வரவேண்டியது ஸ்ர்ர் என்று இரைந்தது.

"ஏன்டா யூஜின், நாப்பது நாளா உள்ள தேனீ வளத்தியா?" என்றார் குழுவை நடத்தும் கிளாரன்ஸ்.

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. புதிதாக வாங்கியிருக்கும் கீபோர்டில் இடது கையாலேயே பேஸ் வாசித்துவிடலாம், இந்த இரைச்சல் போகாவிட்டால் நாளை ஈஸ்டர் பூசைக்கும் அதற்குப் பிறகும் அதுவே போதும் என்று சொல்லிவிட்டு மைக் எடுத்துவரப் போனார். அவர் திரும்பி வரும் வரைதான் கெடு.

தொம்மலூரில் யூஜின் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு கோயில் இருக்கிறது. ஆனாலும் இரண்டு வருடமாக இவ்வளவு பெரிய பெட்டியோடு கண்டக்டரிடம் திட்டு வாங்கிக்கொண்டு பஸ்ஸில் இங்கே வருகிறான். கிளாரன்ஸின் தங்கை ஜூடித் இங்கேதான் பாடுகிறாள். இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை, அவளிடமும். பேஸ் போய்விட்டால் இங்கே வர அவனுக்கு வேறு சாக்கு இல்லை.

பீண்யாவில் ஒரு தொழிற்சாலையில் அவன் ஃபிட்டர். எது தடதடத்தாலும் இறுக்கிவிடு என்பதுதான் அவன் கை பழகிய பாடம். கிடாரின் கழுத்துக்குள் நீளவாக்கில் ஓடும் இரும்புக் கம்பியை ஆலன் கீ என்னும் சின்னச் சாவியால் கால் சுற்று இறுக்கினான். இரைச்சல் கூடியது. மறுபடியும் இறுக்கப் போனான்.

"ஸ்வல்ப இருங்க," என்று தடுத்தாள் ஜூடித்.

பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அந்தக் கம்பி எதற்கு என்று கேட்டாள். தந்திகள் கழுத்தை முன்னால் வளைக்கப் பார்க்கும், கம்பி அதைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும் என்று அவன் விளக்கினான்.

"நாப்பது நாள் தந்திய லூஸா விட்டீங்க. கம்பிய?"

"அதத் தொடல."

"அப்போ அது மட்டும் தனியா இழுத்துக்கிட்டே இருந்திருக்கு. அதப் போய் இன்னும் இறுக்கறீங்க."

யூஜின் கையிலிருந்த ஆலன் கீயையே பார்த்தான். பிறகு தடித்த தந்தியைக் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டைகளில் முதலாவதிலும் கடைசியிலும் அழுத்திப் பிடித்துக் குனிந்து பார்த்தான். அவள் சொன்னதுதான் சரி. கழுத்து பின்னால் வளைந்திருந்தது. நடுவில் மெல்லிய அட்டை நுழையும் அளவு இடைவெளி வேண்டிய இடத்தில், தந்தி பட்டைகள் மேலேயே உரசிக்கொண்டு படுத்துக் கிடந்தது.

இறுக்கிய கால் சுற்றைத் திருப்பினான். மேலும் கால் சுற்று தளர்த்திச் சுருதி சேர்த்தான். அளவு பார்க்க ஏதாவது கிடைக்குமா என்று பெட்டியைத் துழாவியதில் ஒரு குருத்தோலைச் சிலுவை அகப்பட்டது. அதன் நுனியைத் தந்திக்கு அடியில் செருகிப் பார்த்தான். போகவில்லை. இன்னும் கால் சுற்று. இப்போது ஓலை உரசாமல் நுழைந்தது.

ஜூடித் தந்தியைப் பார்க்கவில்லை, ஓலையைப் பார்த்தாள். சிலுவையின் நடுவே இரட்டை முடிச்சு. அந்தக் கோயிலில் அவள் ஒருத்திதான் அப்படிப் போடுவாள்.

"இது நான் மடிச்சது."

"ம்."

"குருத்து ஞாயிறுக்கு உங்களுக்கு இங்க வேலையே இல்லயே."

"பின்னாடி தூண்கிட்ட நின்னேன்."

"அன்னிக்கு மட்டுமா?"

யூஜின் ஆறு விரல்களைக் காட்டினான். தவக்காலத்தில் ஆறு ஞாயிறு.

மைக்கோடு வந்த கிளாரன்ஸ், என்ன ஆயிற்று என்று கேட்டார். யூஜின் மீட்டினான். டொம். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கிளாரன்ஸ் காதைச் சாய்த்து இன்னும் இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். கீபோர்டு வாசிக்கும் பையனிடம் இனி வலது கை மட்டும் போதும் என்றார்.

ஜூடித் எழுந்தாள். "நாளைக்குப் பூசை முடிஞ்சதும் பஸ்ஸுக்கு ஓடிடாதீங்க. எங்க வீட்லதான் சாப்பாடு. அண்ணன்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

முதல் பாட்டின் மூன்றாம் வரியிலேயே யூஜின் தப்பாக வாசித்தான். இரைச்சல் துளியும் இல்லாமல், ஹால் முழுக்கக் கணீரென்று கேட்ட தப்பு. கிளாரன்ஸ் திரும்பி முறைத்தார். ஜூடித் பாட்டுப் புத்தகத்தை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்குவது மட்டும் தெரிந்தது.