நூலாக வந்த தண்ணீர்

அந்தத் தொண்ணூறாம் ஆண்டில் திருகோணமலையில் எது பழுதானாலும் பழியைச் சண்டையின் தலையில் கட்டிவிடலாம். அன்புவழிபுரத்தில் தங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் நூலாக வந்தபோது பூரணியின் கணவர் சோமசேகரமும் அதையேதான் செய்தார்.

“எங்கேயோ செல் குண்டு விழுந்து பெரிய பைப் உடைஞ்சிருக்கும். எங்களால என்ன செய்ய ஏலும்?”

“பக்கத்து நல்லம்மா வீட்டில பதினொரு பேர் குளிக்கினம். செல் எங்கட பைப்பை மட்டும் பாத்தோ விழுந்தது?”

பூரணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தம்பலகாமத்திலிருந்து மூன்று பிள்ளைகளோடு ஓடிவந்த தங்கை இரத்தினேஸ்வரி அறைக்குள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வாளி நிறைய ஒரு மணித்தியாலம் ஆகிற வீட்டில் பாரமாக இருக்க மாட்டேன், பின்னேரமே அகதி முகாமுக்குப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். முகாமிலிருந்து பிறகு எங்கே ஏற்றி அனுப்புவார்களோ, யார் கண்டது? கூடப்பிறந்தவளைத் தண்ணீருக்காகத் தொலைப்பதா?

வழமையாகக் குழாய் திருத்த வருகிற ஆதம்பாவா குடாவுக்கு அந்தப்பக்கம் கிண்ணியாவில்; படகு ஓடவில்லை. பூரணியே ஸ்பானரை எடுத்தாள். மீட்டருக்குப் பக்கத்துப் பைப் இணைப்பைத் தளர்த்தினாள். தண்ணீர் முகத்தில் அறைந்தது. அப்படியென்றால் றோட்டுப் பைப்பில் பிழையில்லை. மிச்சம் இருந்தது அமுக்கத்தைக் குறைக்கிற அந்தப் பித்தளை றெகுலேற்றர்தான். தண்ணீரைப் பூட்டிவிட்டு அதைக் கழற்றினாள். வால்வைத் தள்ளித் திறக்க வேண்டிய சுருள்வில் உப்புக்காற்றில் துருப்பிடித்து இரண்டாக உடைந்து கிடந்தது.

கடைகள் பூட்டிக் கிடந்தன. புது வில்லுக்கு எங்கே போவது? மதிலில் சாத்தியிருந்த கணவரின் சைக்கிளில் அவள் கண் போனது. சீற்றுக்குக் கீழே இரண்டு வில்கள். கேட்டால் தரமாட்டார் என்று தெரியும்; அதனால் கேட்கவில்லை. ஒன்றைக் கழற்றி, அளவுக்கு அறுத்து, உள்ளே வைத்து மூடினாள். தண்ணீரைத் திறந்தபோது முதல்தரம் அதே நூல்தான். ‘விடமாட்டன்’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு மேல் ஆணியைச் சுற்றுச் சுற்றாக இறுக்கினாள். குசினிக் குழாய் இரண்டு தரம் இருமி, செந்தண்ணீரைத் துப்பி, பிறகு கொட்டத் தொடங்கியது.

மூட்டையோடு வாசலுக்கு வந்த இரத்தினேஸ்வரி நின்றுவிட்டாள்.

“வாளி நிரம்பீட்டுது. இனி எந்த வாயால போறன் எண்டுவாய்?”

“அக்கா…” என்றவள் மூட்டையை வைத்துவிட்டு அழுதாள். பூரணிக்கும் அழுகை வந்தது, மறைக்கவில்லை.

முற்றத்திலிருந்து சோமசேகரம் கத்தினார். “பூரணி! இந்தச் சைக்கிளில இனி நான் எப்பிடி இருக்கிறது?”

“இவள் இஞ்ச இருக்கட்டும்,” என்றாள் பூரணி. “நீங்கள் நிண்டு மிதியுங்கோ.”