நூறு மில்லி, அறுபது கிராம்

சப்ரீன் வீட்டில் செய்த ஷியா பட்டர் தோல் க்ரீம் ராஜபாளையத்தில் ஏறும்போது டப்பாவின் விளிம்புவரை இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கும்போது மூன்றில் இரண்டு பங்குதான் இருந்தது. நடுவில் சித்திரை வெயிலும் சாம்சனின் லோடு ஆட்டோவும் இருந்தன. ரதவீதியில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கும் ஐயாதுரைக்கு வெயில் மேல் சந்தேகம் வரவில்லை.

"ஏலே, வழியில எவளுக்கு வழிச்சுக் குடுத்த?"

சாம்சன் தன் வறண்டுபோன முழங்கையை நீட்டி, க்ரீம் தொட்ட கை இப்படியா இருக்கும் என்று கேட்டான். ஐயாதுரை சிரித்தார். சிரித்த வாயோடு சப்ரீனுக்குப் போன் போட்டு, லேபிளில் நூறு மில்லி, உள்ளே எழுபதுகூட இல்லை, அத்தனையும் திரும்பி வருகிறது என்றார்.

சப்ரீனுக்கு வாய்த்த முதல் கடை அது. ஐயாதுரை வேண்டாமென்று தள்ளிய சரக்கை அந்த ஊரில் வேறு எந்தக் கடைக்காரரும் தொடமாட்டார். ஆனால் அவள், அளந்த பிறகே பேசும் துணி வியாபாரி முத்து முகம்மதுவின் மகள். முதலில் எடை போடுவோம், பயப்படுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். சரக்கைத் திருப்பி அனுப்ப வேண்டாம், நானே வருகிறேன் என்று சொல்லி, ஐஸ் பெட்டியில் புதிதாக அடித்த டப்பா ஒன்றையும் சின்னத் தகர டப்பா ஒன்றையும் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

கடையில் நிரம்பிய டப்பாவையும் அளவு இறங்கிய டப்பாவையும் அவருடைய தராசிலேயே மாற்றி மாற்றி வைத்தாள். இரண்டும் ஒரே எடை. ஷியா பட்டர் என்பது ஆப்பிரிக்கக் கொட்டையில் எடுக்கிற கொழுப்பு, அந்தக் கட்டியை பீட்டர் மெஷினில் அடித்தால் காற்று ஏறிப் பொங்கும். வெயிலில் உருகினால் காற்று போய்விடும், பட்டர் போகாது என்று விளக்கினாள். வெறும் மில்லியை நம்பி லேபிள் அடித்தது தன் தப்பு, உள்ளே எப்போதும் அறுபது கிராம்தான் என்றாள். சாம்சன் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

ஐயாதுரை அசரவில்லை. கடைக்கு வருகிறவர்கள் தராசையா கொண்டுவருகிறார்கள், கண்ணைத்தானே கொண்டுவருகிறார்கள் என்றார்.

சப்ரீன் தகர டப்பாவைத் திறந்தாள். அதே அறுபது கிராம். அடிக்காமல் உருக்கி ஊற்றியது, விளிம்புவரை நின்றது. மூடியில் '60 கிராம்' என்று மட்டும் இருந்தது. கோடை முடியும்வரை இதுதான், வந்திருக்கும் சரக்கையும் இதிலேயே மாற்றித் தருகிறேன் என்றாள்.

"டப்பா சின்னதாயிட்டுல்லா தங்கச்சி. வெலையும் சின்னதாகணும்."

"காத்துக்கு நான் என்னைக்குமே காசு போடல அண்ணாச்சி. இப்ப எதைக் கொறைக்க?"

அவர் வாயைத் திறப்பதற்குள், தேங்காய் எண்ணெயைக் கிலோவில் வாங்கி லிட்டரில் விற்கிறீர்களே, கிலோவுக்குத் தொண்ணூறு மில்லி போல மிஞ்சுவதற்கு யார் விலை குறைத்தார்கள் என்று மெதுவாகக் கேட்டாள். ஐயாதுரை கல்லாப் பக்கம் திரும்பிக்கொண்டு இருமினார்.

விலை அப்படியே நின்றது. ஆனால் எதுவும் வாங்காமல் பேரத்தை முடிக்கிறவர் அல்ல அவர். கால்குலேட்டரைத் தட்டினார். ஒரு கிலோ பட்டருக்குப் பதினாறு டப்பா போக நாற்பது கிராம் நிற்கிறதே, அது எங்கே போகும் என்றார்.

"எங்கிட்டத்தான் கெடக்கும்."

"அதை இங்க அனுப்பு. கொசுறு இல்லாம நான் சரக்கு எறக்கினதே கெடையாது."

சப்ரீன் சற்று யோசிப்பதுபோல் தெருவைப் பார்த்தாள். பிறகு, தருகிறேன், ஆனால் அதை ஒரு டப்பாவில் திறந்து மேசைமேல் வைக்க வேண்டும், வருகிறவர்கள் தொட்டுக் கையில் தடவிப் பார்க்கட்டும் என்றாள். ஐயாதுரை சம்மதித்து, அடுத்த தடவைக்கு இரண்டு மடங்கு சரக்குச் சொன்னார்.

அவள் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்த பிறகுதான் அவருக்கு லேசாக உறுத்தியது.

"சாம்சா, கேட்டதும் குடுத்துட்டாளேலே. அதுல அவளுக்கு என்ன லாபம்?"

சாம்சன் அதற்குள் அவள் மேசைமேல் விட்டுப்போன தகர டப்பாவில் விரலை விட்டு முழங்கையில் தடவிக்கொண்டிருந்தான். எதிர்க்கடைப் பொன்மணி அதைப் பார்த்துவிட்டு, அது என்ன, தனக்கும் கொஞ்சம் என்று படியேறி வந்தாள்.