ஷ்னைடர் வீட்டுச் சம்பந்தம்

கனடாவில், பியர்பொன்ட்ஸில் எங்கள் பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுக்காரர் ஜில் தன் பூட்டனுக்குப் பூட்டனைத் தேடத் தொடங்கியபோது என் தலைமயிர் கறுப்பாக இருந்தது. மூன்று வருடம்தான் ஆகிறது என்பாள் என் மனைவி அக்னெஸ். ஜில் அதைப் பற்றிக் கதைத்த அளவுக்கு முப்பது என்றாலும் பாவமில்லை.

அந்தக் காலத்தில் ஆங்கிலேய ராசாவுக்காகச் சண்டை பிடிக்க ஜேர்மனியிலிருந்து வந்த ஷ்னைடர் என்ற படைவீரன், இங்கே ஒரு பெண்ணைக் கண்டு தங்கிவிட்டானாம். பிரெஞ்சுப் பாதர்மார் காதில் விழுந்தபடி எழுதியதில் ஷ்னைடர் ஸ்னேடராகி, செனெடேராகி, ஜில்லிடம் வந்து சேர்ந்தபோது ஜேர்மன் வாடையே இல்லை. ஜில்லின் மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளைகளும் இல்லை. உலகத்தில் ஒரு சொந்தமாவது மிச்சம் இருக்கவேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை.

எங்களுக்குத் தகப்பனின் பேர்தான் குடும்பப் பேர். மூன்று தலைமுறைக்கு மூன்று பேர். பேரை நம்பினால் என் தாத்தாவையே பிடிக்க முடியாது, ஆளை அனுப்பி விசாரிக்கவேண்டும் என்றேன்.

ஆள் இருந்தார்: ஜேர்மனியில் அக்னெஸின் தம்பி அன்டன். யாழ்ப்பாணத்துக் கலியாணங்களில் பாதி அவர் விசாரித்து ஒப்பேறியவை, மீதி அவர் விசாரித்துக் குழம்பியவை. வேறுவிதமாக விசாரிக்க அவருக்குத் தெரியாது. படைவீரனின் ஊருக்குப் போய், ஒரு ஷ்னைடர் வீட்டைப் பிடித்து, அயலட்டையிலும் கேட்டுவிட்டுப் படத்தோடு போன் எடுத்தார்.

"அத்தான், பொம்பிளைக்கு எழுபது. புருசன் இல்லை, சீனி வருத்தமும் இல்லை. சொந்த வீடு. எங்கட பக்கம் சம்மதம் எண்டு சொல்லட்டே?"

நான் ஜில்லிடம் அந்த வீட்டு உர்சுலாவின் படத்தை மட்டும் காட்டினேன். அன்றே வீடியோவில் கதைத்தார்கள். ஜில் சிரித்த சிரிப்பில் எங்கள் வீட்டுச் சுவர் ஆடியது. பிறகு தினமும் ஆடியது.

ஒரு மாதத்தில் ஜில் ஆராய்ச்சியைக் கைவிட்டார். இவள் வேறு ஷ்னைடராக இருக்கக்கூடாதா என்று என்னைக் கேட்டார். ஷ்னைடர் என்றால் தையல்காரன். ஜேர்மனி முழுவதற்கும் ஒரேயொரு தையல்காரனா என்று வாதாடினார். சொந்தம் வேண்டுமென்று மெழுகுதிரி கொளுத்தியவர், இப்போது சொந்தமாக இருக்கக்கூடாதென்று கொளுத்தினார்.

அன்டனோ விடவில்லை. ஊர்த் தேவாலயத்தில் கேட்டு, ஒரே குடும்பம்தான் என்று உறுதிப்படுத்திவிட்டார். ஜில் எங்கள் குசினிக்கு வந்து மேசையில் தலை கவிழ்ந்தார். சகோதரியையா விரும்பினேன் என்று புலம்பினார்.

அக்னெஸ் தேத்தண்ணியை வைத்துவிட்டு, உர்சுலா எந்தப் பக்கத்தால் ஷ்னைடர் என்று கேட்டாள். தாய்வழி என்றேன். விரல்களை மடக்கிப் பார்த்தாள்.

"இவர் தகப்பன் வழி, அவ தாய் வழி. அப்ப அவ இவருக்கு மாமியின்ரை மகள். மச்சாள். கட்டுற முறைதானே, இந்த மனுசன் ஏன் அழுகுது?"

நான் பிரெஞ்சில் விளக்கினேன். ஜில் அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்துப் பழகினார். உடனேயே உர்சுலாவை அழைத்து, "மச்சால்" என்றார். அர்த்தம் கேட்டாளாம். நேரில் வந்து சொல்வதாகச் சொல்லிவிட்டார்.

மாமி வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாதென்று அக்னெஸ் பலகாரத்துக்கு எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றினாள்.