மோவாய்க் குழி

குன்சுலுவையும் நுர்தாஸையும் முதல்முறை சேர்த்துப் பார்ப்பவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "அண்ணன் தங்கச்சியா?" கேட்பவர்கள் மேல் குற்றமில்லை. இருவருக்கும் மோவாயில் கிள்ளி எடுத்தாற்போல ஒரு குழி. இருவருக்கும் இடது புருவம் வலதைவிட ஒரு நூல் மேலே ஏறி நிற்கும். இல்லை, கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறோம் என்று சொன்னதும் கேட்டவர் முகம் போகிற போக்கைப் பார்ப்பதற்காகவே குன்சுலு கொஞ்சம் நிறுத்தித்தான் பதில் சொல்வாள்.

தராஸ் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் அவள் விலங்கியல் ஆசிரியை, அவன் வடிவியல் ஆசிரியன். பழக்கம் ஆரம்பித்ததே ஒரு பாடத்தால்தான். 'ஒப்புமை' என்று ஒரு வகுப்பை மூன்று துறைகள் சேர்ந்து நடத்த வேண்டும் என்று மேலிடத்தில் யாருக்கோ தோன்றிவிட்டது. மொழியியல் துறையிலிருந்து ஓராஸ் என்ற பெரியவர் வந்தார். முதல் நாளே மூன்று பேருக்கும் வாய்த் தகராறு.

"கோணம் ஒண்ணா இருந்தா ரெண்டு முக்கோணமும் ஒத்தது. அவ்வளவுதான். முக்கோணத்துக்கிட்ட போயி உங்க அப்பா யாருன்னு நாங்க கேக்கறதில்ல" என்றான் நுர்தாஸ்.

"நாங்க கேப்போம். எங்களுக்கு அதான் பொழப்பே" என்றாள் குன்சுலு. "நம்ம பாலைவனத்துல ஒரு எலி ரெண்டு கால்ல குதிச்சுக் குதிச்சு ஓடுது. அச்சு அசல் கங்காரு. ஆனா ரெண்டுக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. மணல்ல ஓடிப் பொழைக்கணும், அதுக்காக வந்த சாயல்."

ஓராஸ் தேநீரை உறிஞ்சிவிட்டு, "சொல்லும் அப்படித்தாம்மா. சிலது கூடப்பிறந்ததால ஒத்திருக்கும், சிலது கடன் வாங்கினதால ஒத்திருக்கும், சிலது சும்மா தற்செயல். எது எதுன்னு தெரியாம வாயத் திறக்கிறவன்தான் முட்டாள்" என்றார். அந்த வகுப்பு முடிவதற்குள் குன்சுலுவும் நுர்தாஸும் ஒருவரை ஒருவர் விட்டுப் பிரிய முடியாத நிலைக்கு வந்துவிட்டார்கள்.

மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நுர்தாஸின் பெற்றோர் பெண் வீட்டுக்கு வந்தார்கள். வருங்கால மாமியார் பெண்ணின் காதில் தோடு போட்டுவிட்டால் பேச்சு முடிந்தது. பிறகு சம்பந்திகள் இருவரும் ஈரலும் ஆட்டு வால்கொழுப்பும் ஒருவருக்கொருவர் ஊட்டிக்கொண்டால், அதற்கு மேல் யாராலும் பிரிக்க முடியாது. குன்சுலுவின் அம்மா ரவ்ஷான் விடியற்காலையிலிருந்து அடுப்படியை விட்டு நகரவில்லை. அப்பா தோலெகென் சலவைச் சட்டையில் இங்கும் அங்குமாக நடந்து, இருந்த நாற்காலிகளையே நாலு முறை எண்ணினார்.

நுர்தாஸின் அப்பா சபார்பெக் மெர்கே பக்கத்தில் குதிரை வளர்ப்பவர், துலாத் குலத்துக்காரர். குட்டியைப் பார்த்தே தகப்பன் குதிரை எது என்று சொல்லிவிடுவார் என்று அந்த வட்டாரத்தில் பேர். மனிதர் சத்தமாகச் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். அவர் மனைவி குல்யாஷ் கைப்பையைத் திறந்து தோட்டை வெளியே எடுத்தாள். குன்சுலு முக்காட்டை ஒதுக்கி முகத்தைக் காட்டினாள்.

சபார்பெக்கின் சிரிப்பு பாதியில் நின்றது.

"குல்யாஷ், தோட்டை உள்ள வை" என்றார்.

சபார்பெக் தோலெகெனைத் திரும்பிப் பார்த்து மெல்லக் கேட்டார். "தப்பா நெனைக்காதீங்க. நீங்க எந்தக் குலம்?"

தோலெகெனுக்கு இந்த உலகத்திலேயே பிடிக்காத கேள்வி அதுதான். கல்யாண வீட்டிலோ சாவு வீட்டிலோ யாராவது அதைக் கேட்டால், காரைப் பூட்டினேனா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போய்விடுவார். தன் வீட்டிலேயே கேட்டால் எங்கே போவது? சொன்னார். அவருடைய அப்பா பஞ்ச காலத்தில் அநாதை விடுதியில் வளர்ந்தவர். நாலு வயதில் யாரோ வாசலில் விட்டுவிட்டுப் போனார்கள். பேரே விடுதிக்காரர்கள் வைத்ததுதான். ஏழு தலைமுறைத் தகப்பன் பேரை மூச்சு விடாமல் ஒப்பிக்கத் தெரிந்த ஊரில் தோலெகெனுக்கு ஒரே ஒரு பேர்தான் தெரியும்.

"பாத்தியா" என்று சபார்பெக் மனைவியிடம் சொன்னார். "எங்க அப்பாவோட தம்பி எசென். பஞ்சத்துல நடந்து வரும்போது இந்தத் தராஸ் சந்தையிலதான் தொலைஞ்சான். அவனுக்கும் நாலு வயசுதான். அப்பா சாகிற வரைக்கும் ஒவ்வொரு ஊர் சந்தையிலயும் ஆம்பளைங்க மோவாயைப் பாத்துக்கிட்டே நடப்பார். இந்தக் குழி எங்க வீட்டுக் குழி."

தந்தை வழியில் ஏழு தலைமுறைக்குள் ஒரே ரத்தம் என்றால் கல்யாணம் கிடையாது. அதை யாரும் அங்கே எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ரவ்ஷான் ஈரல் தட்டோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

குன்சுலு பார்த்தது மாமனாராக வந்தவரை அல்ல, தன் அப்பாவை. அறுபத்திரண்டு வயதில் முதல்முறையாக ஒரு குலம் கிடைத்துவிடுமோ என்று அந்த முகத்தில் ஒரு ஆசை எட்டிப் பார்த்தது. மகளைப் பார்த்ததும் திருடன் போல அதை மறைத்துக்கொண்டார்.

"மாமா, ரத்தத்தைச் சோதிச்சுப் பாத்துடலாம். ஆய்வுக்கூடம் இருக்கு" என்றான் நுர்தாஸ், தோலெகெனிடம்.

"எனக்கு எதுக்குடா ஆய்வுக்கூடம்?" சபார்பெக் குறுக்கே வந்தார். "நாப்பது வருஷம். எத்தனையோ குட்டி. ஒரு தடவை என் கண்ணு தப்பினதில்ல."

அந்த வார்த்தைதான் குன்சுலுவுக்குப் பிடி கொடுத்தது. "சரி மாமா, உங்க கண்ணையே கேப்போம்" என்று உள்ளே போனாள். பழைய பிஸ்கட் டப்பாவில் கிடந்த குடும்பப் படங்களைக் கிளறிப் பன்னிரண்டு எடுத்தாள். பெயர் எதுவும் சொல்லாமல் மேசைவிரிப்பின் மேல் சீட்டுக்கட்டு போலப் பரப்பினாள். "எங்க அம்மா பக்கம், அப்பா பக்கம் ரெண்டும் கலந்து இருக்கு. இதுல உங்க சாயல் யாரு யாருக்கு இருக்குன்னு எடுத்துக் குடுங்க."

சபார்பெக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். சந்தையில் குதிரை பார்ப்பவர் மாதிரி ஒவ்வொன்றையும் தூக்கி, சாய்த்து, வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். "இது நம்ம ஆளு. இதுவும். இந்தப் புருவத்தைப் பாருங்க, சந்தேகமே இல்ல." ஐந்து படங்கள் ஒரு பக்கம் சேர்ந்தன. ஒரு இளைஞனின் படத்தை மட்டும் முகர்ந்து பார்க்காத குறையாகப் பார்த்துவிட்டுத் தள்ளினார். டிராக்டரில் சாய்ந்து நிற்கிற, காது விடைத்த, நீள மூஞ்சி. "இது யாரோ வழிப்போக்கன். நமக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது."

ஐந்தாவது படத்தை உயர்த்திக் காட்டினார். "இது குன்சுலு தானே? மெலிஞ்சு இருக்கா."

"அது நான்" என்றாள் ரவ்ஷான், தட்டைக் கீழே வைக்காமலே.

எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். முப்பது வருஷமாக அவள் சுட்ட எண்ணெய்ப் பணியாரங்கள் அவள் மோவாய்க் குழியைத் தடயமில்லாமல் மூடியிருந்தன. அவள் படத்தை வாங்கிப் பார்த்து, "அப்போ இருந்துச்சு" என்று மட்டும் சொன்னாள். குல்யாஷ் கைப்பையால் வாயை மறைத்துக்கொண்டு குலுங்கினாள்.

"மாமா, நீங்க எடுத்த அஞ்சும் எங்க அம்மா பக்கம்" என்றாள் குன்சுலு. "அம்மா, என் தாத்தா, மாமன்மார். அவங்க வடக்கே கோக்ஷேதாவு பக்கத்து அர்கின் குலம். அம்மாவுக்கு ஏழு பேரும் மனப்பாடம், கேட்டா ஒப்பிப்பாங்க. எனக்குக் குழி வந்தது அந்தப் பக்கம். அநாதை விடுதியில வளர்ந்த தாத்தா இவர்தான்." டிராக்டர்காரனை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "வழிப்போக்கன்னு நீங்களே தள்ளிட்டீங்க."

குழியில் விழுந்தவர் சபார்பெக்தான். நாற்பது வருஷப் பெருமையைக் காப்பாற்ற வேண்டுமென்றால் கல்யாணத்துக்குச் சம்மதித்தே ஆக வேண்டும்.

"உலகத்துல ஒரே மாதிரி ஏழு பேர் இருப்பாங்கன்னு சொல்வாங்க. அதுல ரெண்டு பேர் ஒரே கல்லூரியில வந்து சேந்துட்டாங்க" என்றாள் குல்யாஷ், மறுபடி தோட்டை எடுத்துக்கொண்டே.

சபார்பெக் பெருமூச்சு விட்டுத் தலையாட்டினார். "சரி. கண்ணு சொல்லிடுச்சு. போடு."

குன்சுலு அங்கே வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். யாராக இருந்தாலும் இருந்திருப்பார்கள். தோடு காதுக்கு ஒரு சாண் தூரத்தில் வந்துவிட்டது. ஆனால் டிராக்டர் படத்தை அப்பா கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வகுப்பில் வருஷா வருஷம் தான் சொல்கிற பாடம் அவளை விடவில்லை.

"வேண்டாம் அத்தை" என்று கையால் தடுத்தாள். "சாயல் இருக்குன்னு சொந்தம்னு சொன்னது தப்புன்னா, சாயல் இல்லன்னு சொந்தமில்லன்னு சொல்றதும் தப்புதான். ஒரே வயித்துல பொறந்ததுங்க முகம் ஒத்துப்போகாமலும் இருக்கும். அப்பாவும் நீங்களும் எச்சில் குடுங்க. அப்பா வழி ரத்தம் ஒண்ணா இல்லையான்னு அது சொல்லிடும். அதுக்கப்புறம் போடுங்க."

நுர்தாஸ் தலையில் கை வைத்துக்கொண்டான். "ஏய், ஜெயிச்ச ஆட்டத்தைக் கலைக்கிறியே."

"நான் அவரை மடக்கித்தான் ஜெயிச்சேன். உண்மையைக் கண்டுபிடிச்சு இல்ல" என்றாள்.

அடுத்த வாரம் இரண்டு அப்பாக்களும் மருத்துவமனைப் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆளுக்கொரு குழாயில் துப்பினார்கள். சபார்பெக்குக்கு வாய் வறண்டுவிட்டது. "எலுமிச்சம்பழத்தை நெனைச்சுக்கோங்க" என்று தோலெகென் யோசனை சொன்னார். குழாய்கள் அல்மாத்தி ஆய்வுக்கூடத்துக்குப் போயின. மூன்று வாரம் ஆகும் என்றார்கள்.

அந்த மூன்று வாரமும் குன்சுலு வகுப்பில் எலியைக் கங்காரு என்று சொல்லிவிடுகிற நிலையில் இருந்தாள். ஒருநாள் மாலை தேநீர் குடிக்கும்போது தோலெகென் திடீரென்று சொன்னார். "உனக்காக இல்லன்னு வரணும்னு வேண்டிக்கிறேன். எனக்காக ஆமான்னு வரணும்னும் வேண்டிக்கிறேன். அல்லாவுக்கே தலை சுத்தும்."

குன்சுலுவுக்கு அழுகை வந்தது. அப்பாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். "எனக்கு உங்க மேல கோவமே இல்லப்பா" என்றாள். அது உண்மை. ஆமா என்று வந்துவிட்டால் தான் நுர்தாஸை அண்ணா என்று கூப்பிட வேண்டியிருக்கும் என்பதை மட்டும் அவளால் நினைக்க முடியவில்லை.

முடிவு ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. இரண்டு ஆண்களின் தந்தை வழிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பிரிந்து பல ஆயிரம் வருஷம் ஆகியிருக்கும். நுர்தாஸ் வகுப்பு என்றும் பாராமல் ஓடிவந்து விலங்கியல் ஆய்வகத்தின் வாசலில் மூச்சிரைக்க நின்றான். குன்சுலு சிரித்தாள், அழுதாள். ஓராஸ் பெரியவர் எட்டிப் பார்த்து, "தற்செயல் தானே? நான் அப்பவே சொன்னேன்" என்றார். இவர்களைப் பற்றி அவர் எப்போதும் எதுவும் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை சபார்பெக் ஒரு ஆட்டோடு வந்து இறங்கினார். இந்த முறை சத்தமாகச் சிரிக்கவில்லை. குல்யாஷ் பெண்ணின் காதில் தோட்டைப் போட்டாள். ரவ்ஷான் ஈரலும் வால்கொழுப்பும் கொண்டுவந்து வைத்தாள். இரண்டு ஆண்களும் அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்குக் காணாமல் போன சித்தப்பா மறுபடியும் காணாமல் போயிருந்தார். இன்னொருவருக்குக் கைக்கு வந்த குலம் கை நழுவியிருந்தது.

"நான் கொஞ்சம் ஆசைப்பட்டுட்டேன்" என்றார் தோலெகென் தரையைப் பார்த்து. "காரைப் பூட்டினேனான்னு..." என்று எழுந்தார்.

சபார்பெக் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "நானும் ஆசைப்பட்டேன். உக்காரும். யோசிச்சுப் பாத்தா நமக்கு இதுல நஷ்டமே இல்ல. அண்ணன் தம்பின்னா என்ன, ஏழு தலைமுறை. எட்டாவதுல அவன் யாரோ, நீ யாரோ. சம்பந்தின்னா ஆயிரம் வருஷம்னு பெரியவங்க சொல்லி வச்சிருக்காங்க." ஒரு துண்டு ஈரலைக் கொழுப்போடு சேர்த்து எடுத்தார். "வாயைத் திற சம்பந்தி."

தோலெகென் வாயைத் திறந்தார். குழி இல்லாத அவர் மோவாயில் கொழுப்பு வழிந்தது. அதைத் துடைத்துவிட்டதும் சபார்பெக்தான்.

ஆகஸ்டில் கல்யாணம். மெர்கேயிலிருந்து இருநூறு பேர் வந்திருந்தார்கள். புளித்த குதிரைப்பாலான குமிஸ் கிண்ணத்தோடு ஒரு கிழவர் தோலெகென் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எல்லாக் கிழவர்களும் கேட்பதைக் கேட்டார். "தம்பி எந்தக் குலம்?"

அடுத்த மேசையில் இருந்த குன்சுலு கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள். அப்பா வாசலைப் பார்க்கவில்லை.

"துலாத் குலத்துக்குச் சம்பந்தி" என்றார் தோலெகென். கிழவர் தலையாட்டிவிட்டு அவர் கிண்ணத்திலும் கொஞ்சம் ஊற்றினார்.