ஏழாவது கிரீன்

கோல்ஃப் மைதானத்தின் ஏழாவது கிரீனில், குழியைச் சுற்றிய புல்தரையில், கால் வைத்தபோது குதிகால் அமிழ்ந்தது. கிளப் உறுப்பினர்களுக்கு இது பிடிக்கும். அவர்களுக்குப் புல் என்றால் அடர்த்தி. பந்து உருளாமல் துள்ளினால் மட்டையைக் குறை சொல்வார்கள். அடுத்த மாதம் புது மட்டை வாங்குவார்கள். கத்தியால் ஒரு துண்டு வெட்டி எடுத்தேன். மேலே நகத்தின் உயரத்துக்குப் பச்சை. அதற்குக் கீழே இரண்டு விரல் கனத்துக்குப் பழைய தண்டும் செத்த வேரும் பின்னிக் கிடந்தன. நேற்றைய மழை அந்தப் பின்னலிலேயே ஊறி நின்றது, தாண்டவில்லை. அடியில் மண் காய்ந்திருந்தது.

கீறும் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்த தர்மலிங்கம் அண்ணன் குனிந்து முகர்ந்தார்.

"செத்த எலி மாதிரி நாறுது தம்பி. எல்லாம் அந்த ஓசி உரம் செஞ்ச வேலலா."

சனிக்கிழமைப் போட்டிக்குப் பணம் கொடுக்கும் உரக்கடைக்காரர் மூன்று மாதமாக மூட்டை மூட்டையாக அனுப்பினார். கிளப் கேப்டன் பெர்னார்ட் அத்தனையையும் போடச் சொன்னார். புல்லுக்குப் பொறுப்பு நான். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். விவசாயம் படித்தவன் புல் வளர்வதற்குப் பயப்படுகிறான் என்று கமிட்டி சிரித்தது. புல்லைக் கீறி இளக்கவும் விடவில்லை.

போட்டிக்கு என் மனைவியின் பெயர். அலிசியா நான்கு வருடம் கிளப்பின் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தவள். இறந்து ஒரு வருடம் ஆகிறது. என்னை யாரும் கேட்கவில்லை. வாசலில் தொங்கும் பேனரில் அவளுடைய வேலை அட்டைப் படம். தோளருகே ஓர் உர மூட்டை. கோல்ஃப் ஆடுகிறவர்களை அவள் 'காசு குடுத்து வெயில்ல காயுறவங்க' என்பாள்.

பெர்னார்டின் பக்கி வண்டி கிரீன் ஓரத்தில் வந்து நின்றது. அவர் இறங்கவில்லை.

"என்னா ரையன் இது? சனிக்கிழம டத்தோ பட்டம் வாங்குன பெரிய ஆளுங்கல்லாம் வராங்க. கார்ப்பெட் மாதிரி இருக்கு, அதப் போயி கீறணுமா?"

"அடியில அழுகுது அங்கிள். இன்னிக்குக் கீறி மணல் போட்டாத்தான் பொழைக்கும். இது மேல நூறு பேரு மிதிச்சா செத்துரும்."

"செத்தா புதுசா போட்டுக்கலாம்லா. அலிசியாவுக்காகத்தானே இவ்ளோ பண்றோம். அவ ஆத்மா சந்தோஷப்பட வேணாமா?"

அவளுடைய பெட்டி குழிக்குள் இறங்கும்போது என் தோளை அணைத்துக்கொண்டவர் இவர். அணைத்தபடி, பதினோராவது கிரீனில் பூஞ்சை வந்திருக்கிறது என்று காதில் சொன்னார். நானும் மருந்தின் பெயரைச் சொன்னேன்.

"கீறுறதா இருந்தா மாசக் கடைசில குவார்ட்டர்ஸ காலி பண்ணிருங்க" என்றார். "கமிட்டில ஒங்களுக்காகப் பேச மாட்டேன்."

செமிலிங் சாலையைப் பார்த்த அந்த இரண்டறை வீட்டில் அவளுடைய சீப்பில் முடி இன்னும் இருக்கிறது. குளியலறைக் கதவின் பின்னால் அவளுடைய துண்டு. ஒரு வருடமாக எதையும் நகர்த்தவில்லை. இனி யாரோ சாமான் கட்டப் பெட்டிகளைக் கொண்டு வருவார்கள்.

பெர்னார்ட் போனை எடுத்து யாரிடமோ பேசத் தொடங்கினார்.

"என்னா தம்பி செய்யிறது?" என்றார் தர்மலிங்கம் அண்ணன். "நீங்க யோசிக்கிறதுக்குள்ள இன்னும் அரை இஞ்ச் வளந்துரும்."

"நகருங்கண்ணே. ஒங்க கை இதுல இருக்க வேணாம்."

மெஷினைக் கிளப்பிப் பற்களை இறக்கினேன். முதல் வரி பிளந்தது. செத்த புல் பழுப்பாகச் சுருண்டு சுருண்டு மேலே வந்தது. வெயில் பட்டதும் அதிலிருந்து ஆவி எழும்பியது. பெர்னார்ட் ஏதோ கத்தினார். மெஷின் சத்தத்தில் அவருடைய வாய் மட்டும் திறந்து மூடியது. மறுமுனையில் திரும்பியபோது வேலியிலிருந்து மைனாக்கள் இறங்கியிருந்தன. பத்துப் பதினைந்து இருக்கும். பெர்னார்ட் வண்டியிலிருந்து இறங்கிச் செருப்பைக் கழற்றி ஓங்கியும் அவை பறக்கவில்லை. திறந்த மண்ணில் அலகை நுழைத்து எதையோ இழுத்துக்கொண்டிருந்தன.